தூண்டில் ராட் நுனி வளையம் கழன்றால் கரையிலேயே ஒட்டலாம்

மீன் பிடிக்க லூர் (செயற்கை இரை) வீசும்போது, ராடில் நூல் செல்லும் நுனி வளையம் கழன்று, பாதியிலேயே வீடு திரும்பியதாக எழுதியிருந்தீர்கள் நண்பரே. நல்லவேளை, அது நூலிலேயே வழுக்கி லூர் பக்கம் போய் நின்றிருக்கிறது. பையில் ஒரு துண்டு ஹாட் க்ளூ (சூட்டில் உருகும் பசை) குச்சியும் லைட்டரும் போட்டுவையுங்கள். லூரை அவிழ்த்துவிட்டு, குச்சியை உருக்கி ராட் நுனியில் தடவுங்கள். வளையத்தை இடுக்கியால் பிடித்து, அதன் குழாயை மட்டும் லேசாகச் சூடாக்கிச் செருகுங்கள். பசை இறுகுவதற்குள் மற்ற வளையங்களோடு ஒரே கோட்டில் திருப்பிவிட வேண்டும். கார்பன் ராடில் தீ படவே கூடாது. நான் ஒருமுறை அவசரத்தில் நுனியையே கருக்கியிருக்கிறேன்! சூப்பர் க்ளூ வேண்டாம், பிறகு கழற்றுவது பெரும்பாடு. மாட்டுவதற்கு முன் வளையத்தின் உள்விளிம்பைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சு இழை சிக்கினால் உள்ளே இருக்கும் பீங்கான் கீறியிருக்கிறது, அது பிரெய்டு (பின்னல்) நூலை அறுத்துவிடும்.