டஸ்டர் ஆல் வீல் டிரைவ்: 4.75 லட்சம் கேட்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். எனக்கு சிப்காட்டில் வேலை, மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 72,000 ரூபாய் கைக்கு வருகிறது, 45,000 செலவாகிவிடும். 8 லட்சம் ஃபிக்சட் டெபாசிட்டில் இருக்கிறது, அதுதான் மொத்தச் சேமிப்பு. அப்பா பண்ருட்டி பக்கத்தில் எங்கள் முந்திரித் தோப்பு வீட்டில் தனியாக இருக்கிறார். மெயின் ரோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் செம்மண் பாதை. போன மழையில் அவருக்குக் காய்ச்சல் என்று அழைத்துவரப் போனபோது, ஆட்டோ பாதியிலேயே புதைந்துவிட்டது. அதனால் ஆல் வீல் டிரைவ் வண்டி ஒன்று வாங்க முடிவு செய்தோம். லாஸ்பேட்டையில் 2016 மாடல் ரெனால்ட் டஸ்டர் டீசல் கார் ஒன்று வந்திருக்கிறது. புதுச்சேரி பதிவு, 92,000 கிலோமீட்டர் ஓடியது, 4.75 லட்சம் சொல்கிறார்கள். டெபாசிட்டை உடைக்கலாமா, லோன் போடலாமா? மனைவி நகையை வைக்கலாம் என்கிறார். வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: வணக்கம். ஆல் வீல் டிரைவ் வேண்டும் என்று எனக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கும் நெய்வேலிக்கும் போய்வர நான்கு சக்கரமும் இழுக்க வேண்டிய அவசியமே கிடையாது. உங்கள் காரணம் வேறு. தானே புயலில் பண்ருட்டி பக்கத்து முந்திரியும் பலாவும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று பார்த்தவர்களுக்கு, அந்தத் தோப்பை விட்டு வர மாட்டேன் என்று ஒரு பெரியவர் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார் என்பது புரியும். அந்தப் பாதையில் மழைக்கால ராத்திரியில் போய் அவரை அழைத்து வர ஒரு வண்டி வேண்டும் என்பது ஆசைக்காகக் கேட்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதனாலேயே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வாங்கிய பிறகு ரிப்பேருக்கென்று கையில் பணம் இல்லாமல் பழைய ஆல் வீல் டிரைவ் வண்டி வாங்காதீர்கள். சாதாரணக் காரில் இல்லாத ஒரு முழு வரிசை இதில் இருக்கிறது: முன்னால் என்ஜின் சக்தியைப் பின்பக்கத்துக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதைக் கொண்டுபோக நடுவில் நீளமாக ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னால் தேவைப்படும்போது பின் சக்கரங்களை இணைக்கும் எலக்ட்ரோமேக்னடிக் கப்ளிங், அதற்கும் பின்னால் சக்தியை இரு சக்கரத்துக்கும் பங்கிடும் டிஃபரன்ஷியல், இரண்டு பக்கமும் ஆக்சில். இதில் எது போனாலும் செலவு சில ஆயிரங்களில் நிற்காது. டஸ்டரில் இன்னொரு சங்கடமும் உண்டு. டீசல் 2020-ல் நின்றது, அந்தத் தலைமுறை டஸ்டரே 2022-ல் நின்றது. அதிலும் ஆல் வீல் டிரைவ் விற்றது மிகக் குறைவு. என்ஜின் பார்ட்ஸ் கிடைத்துவிடும், அந்த என்ஜின் வேறு பல வண்டிகளிலும் வந்தது. பின்பக்கக் கப்ளிங் வேண்டுமென்றால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும், இல்லை சென்னை புதுப்பேட்டையின் பழைய பார்ட்ஸ் கடைகளில் தேட வேண்டும். மழை பெய்கிற அன்றைக்கு வண்டி பட்டறையில் நின்றால் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

இப்போது கணக்கு. உங்கள் 8 லட்சத்தில் ஆறு மாதக் குடும்பச் செலவு 2.7 லட்சம். அதைத் தொடக்கூடாது. அப்பாவுக்கு மருத்துவச் செலவு வந்தாலும் அதிலிருந்துதான் வரவேண்டும். மிச்சம் 5.3 லட்சம். அதில் ரிப்பேருக்கு 80,000 தனியாக எடுத்து வையுங்கள். அப்புறம் வருகிறது எல்லோரும் மறந்துவிடுகிற செலவு.

புதுச்சேரி வண்டி மலிவாகத் தெரிவதற்கு அதன் நம்பர் பிளேட்டும் ஒரு காரணம். கடலூரில் நிரந்தரமாக வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் சட்டப்படி 12 மாதத்துக்கு மேல் பி.ஒய். எண்ணிலேயே ஓட்ட முடியாது. தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றி, இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும். அந்த வரி வண்டியின் விலையையும் வயதையும் வைத்துப் போடப்படுவது. டஸ்டர் ஆல் வீல் டிரைவ் புதிதாக 10 லட்சத்தைத் தாண்டிய ரகம், அதனால் வரி மட்டுமே பெரிய தொகையாக வந்துவிடக்கூடும். ஆர்.சி. நகலை எடுத்துக்கொண்டு கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நீங்களே போய்க் கணக்குக் கேளுங்கள். புரோக்கர் சொல்லும் தொகையை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வரி, பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 1.25 லட்சம் என்று வைப்போம்.

5.3 லட்சத்தில் 80,000, அப்புறம் 1.25 லட்சம் கழித்தால் 3.25 லட்சம். இந்த வண்டிக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை அதுதான். அவர்கள் கேட்பது 4.75. பேசிப் பாருங்கள், ஆனால் 3.25-ஐத் தாண்ட வேண்டாம். இதே வண்டி கடலூரிலோ விழுப்புரத்திலோ தமிழ்நாட்டுப் பதிவில் கிடைத்தால் வரிச் சுமை இல்லை. பெயர் மாற்றத்துக்கும் இன்ஷூரன்சுக்கும் 30,000 போதும், 4.2 லட்சம் வரை போகலாம். மலிவான பி.ஒய். வண்டியும் விலை கூடின டி.என். வண்டியும் கடைசியில் ஒரே தொகையில்தான் வந்து நிற்கும். அதனால் தேடும் வட்டத்தைப் பெரிதாக்குங்கள்.

லோன் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய கார் லோனுக்கு வட்டி புதுக் காரைவிட அதிகம். 3 லட்சத்தை 14 சதவீதத்தில் 36 மாதத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 10,250, மொத்த வட்டி கிட்டத்தட்ட 69,000. உங்கள் ரிப்பேர் பணத்தில் பெரும்பகுதி வட்டியிலேயே போய்விடும். டெபாசிட் ஒரே ரசீதாக இருந்து, உடைத்தால் அபராதம் பிடிப்பார்கள் என்றால், அதன் மேலேயே கடன் வாங்குங்கள். டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். மாதம் மிஞ்சும் 27,000-ல் 15,000-ஐ அதில் கட்டிக்கொண்டே வரலாம். கடன் 5.3 லட்சத்தைத் தாண்டக்கூடாது. நகை அப்படியே இருக்கட்டும். விலை இறங்கிக்கொண்டே போகிற ஒரு பொருளுக்காக, தேவையான நேரத்தில் ஒரே நாளில் பணமாகிற பொருளை அடகு வைப்பது சரியில்லை.

இனி வண்டி. போவதற்கு முந்தைய நாள் மாலையே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: "நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போனதும் பானட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதை உங்களுக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, என்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது போங்கள்.

முதலில் குனிந்து நான்கு டயரையும் பாருங்கள். பெரிய மெக்கானிக்குகள் என்று பேர் வாங்கியவர்கள்கூட இதைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். இந்த வண்டியில் நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே சைஸ், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னால் புது டயர் இரண்டும், பின்னால் வழுக்கையாகிப் போன டயர் இரண்டும் இருந்தால், முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரத்துக்கு வேறு வேறு எண்ணிக்கையில் சுற்றும். அந்த வித்தியாசத்தை இரண்டையும் இணைக்கும் கப்ளிங்தான் ஓட்டம் முழுக்கத் தாங்கும், சூடேறும், தேயும். டயர் ஓரத்தில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. நான்கிலும் அதைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பொருந்தாத டயரோடு வண்டி ஒரு வருடம் ஓடியிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, வண்டி கிளம்பியதும் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. முதலிலேயே எரியாமல் இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள், அது இன்னும் மோசம். பிறகு காலி மனை ஒன்றில், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து மெதுவாக வட்டம் போடுங்கள், பிறகு மறுபக்கம். டக் டக் என்று சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. வண்டி திக்கித் திக்கி இழுத்தால் கப்ளிங் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த வட்டம் போடும்போது ஆல் வீல் டிரைவை மாற்றும் திருகு, தேவைக்கேற்பத் தானே இயங்கும் 'ஆட்டோ' நிலையில் இருக்கட்டும். முன் பின் சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் 'லாக்' நிலையில் வைத்துக் காய்ந்த தார் ரோட்டில் திருப்பாதீர்கள், நல்ல வண்டியும் கெடும். லாக்கைச் சோதிக்க மணல் தரை வேண்டும். ஒருவர் வெளியே நின்று, முன் சக்கரம் வழுக்கும்போது பின் சக்கரம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் பணம் கொடுப்பது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். ஈ.சி.ஆரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பின்னால் கேளுங்கள். வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் டிஃபரன்ஷியலிலிருந்தோ வீல் பேரிங்கிலிருந்தோ வரும்.

அப்புறம் லிஃப்ட் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். விற்பவருக்குத் தெரிந்த பட்டறை வேண்டாம். அந்தப் பரிசோதனைக்கு 2,000, 3,000 கேட்டாலும் சந்தோஷமாகக் கொடுங்கள், இந்த முழுக் கணக்கிலும் உங்களுக்கு அதிக லாபம் தரும் செலவு அதுதான். அடியில் நின்று பார்க்கும்போது ஆக்சில் ஜாயிண்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா, புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் ஆட்டினால் ஆடுகிறதா, டிஃபரன்ஷியலில் ஆயில் கசிகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். பின் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. விரலில் தேய்க்கும்போது மின்னும் தூள் ஒட்டினால் பல்சக்கரம் தின்றுகொண்டிருக்கிறது. கடலோரத்தில் நின்ற வண்டி என்பதால் அடிச்சட்டத்தில் உப்புத் துரு எவ்வளவு என்றும் பாருங்கள். மேலே தெரியும் செந்துரு பரவாயில்லை. ஸ்குரூடிரைவரால் தட்டினால் தகடு உதிர்கிற மாதிரி இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் எதை மூடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் கேளுங்கள். இது பெல்ட்டில் ஓடும் என்ஜின், பெல்ட் அறுந்தால் என்ஜினே போகும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை வண்டி என்றதும் எனக்குப் பெரிய பயம் வெள்ளம்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரி எப்படி மூழ்கியது என்று நமக்குத் தெரியும். அடுத்த நாட்களில் தென்பெண்ணை வந்து கடலூரையும் அடித்தது. அப்போது தண்ணீரில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு இன்று விற்பனைக்கு வரலாம். இதைக் கண்டுபிடிக்க என்னிடம் இரண்டு வழி உண்டு. ஒன்று, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். எல்லோரும் சீட்டைக் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டின் கடைசி முழத்தைக் கழுவுகிறவர்கள் குறைவு. அங்கே சேற்றுக் கறை கோடாகத் தெரியும். சீட்டுக்கு அடியில் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா, கார்ப்பெட்டைத் தூக்கினால் வாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது வழி காகிதத்தில் இருக்கிறது, அது என் தொழில். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளைக் கேட்டு வாங்கி, நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் எடுக்காததற்கு பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று வருட வாரியாகப் பாருங்கள். கிளைம் எடுக்காத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். கிளைம் எடுத்தால் அடுத்த வருடம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 2024 பாலிசியில் 50 என்று இருந்து 2025-ல் பூஜ்யமாகியிருந்தால், அந்த மழையில் என்ன நடந்தது என்று விற்பவர் உங்களுக்கு பில்லோடு விளக்க வேண்டும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் போட்டிருந்தால் இந்த வழியில் தெரியாது, அப்போது சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து வரலாறு கேளுங்கள். 92,000 உண்மையா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாக வந்தால் பேப்பர் வேலை. அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் ஆர்.சி. விவரம், கடன் பாக்கி, அபராத சலான் பாருங்கள். ஃபைனான்ஸ் இருந்து முடிந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), ஆர்.சி.யில் கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். புதுச்சேரி ஆர்.டி.ஓ. தரும் படிவம் 28 என்.ஓ.சி. கைக்கு வரும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் உங்கள் எதிரிலேயே கையெழுத்து வாங்குங்கள், வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்து வேண்டாம். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்சை உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுங்கள். மூன்றாம் நபருக்கு உண்டான காப்பு தானாகவே உங்களுக்கு வந்துவிடும், ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பெயர் மாறாமல் கிளைம் கேட்டால் நிராகரிப்பார்கள். விற்பவரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், அதையும் சேர்த்தே பிரீமியம் கணக்குப் போடுங்கள். 10 வருட டீசல் வண்டிக்கு இங்கே தடை கிடையாது. ஆர்.சி. 2031-ல் முடியும், அதன்பின் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சோதனை) பார்த்து ஐந்து வருடம் புதுப்பிக்கலாம்.

விலை 3.25-க்கு இறங்கவில்லை, டி.என். வண்டியும் கிடைக்கவில்லை என்றால், முன் சக்கரம் மட்டும் இழுக்கும் டஸ்டரையே பாருங்கள். தரையிலிருந்து உயரம் கிட்டத்தட்ட அதேதான், விலை குறைவு, பின்னால் கெட்டுப்போக ஒன்றுமில்லை. மிஞ்சும் பணத்தில் நல்ல டயர் நான்கு போட்டுவிட்டு, பாதையில் ஆட்டோ புதைந்த அந்த இடத்துக்குச் சில லோடு கிராவல் அடியுங்கள். எந்த வண்டி வாங்கினாலும் கிராவலை ஐப்பசிக்கு முன்னால் அடித்துவிடுங்கள். அப்பாவுக்கு அவசரம் என்றால் 108 ஆம்புலன்சும் அந்தப் பாதையில்தானே வந்தாக வேண்டும்.