ஈரல் கட்டி ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்தால் கேன்சரா?

கேள்வி குலசேகரத்திலிருந்து வந்திருக்கிறது. அப்பாவுக்கு 56 வயது, ரப்பர் பால் வெட்டுகிறவர். வயிற்று வலி என்று மார்த்தாண்டத்தில் ஸ்கேன் எடுத்ததில் ஈரலின் வலது பக்கம் 2.8 செ.மீ. கட்டி தெரிந்திருக்கிறது. அப்புறம் கான்ட்ராஸ்ட் ஊசி போடாமல் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'டிஃப்யூஷன் படத்தில் பளிச்சென்று தெரிகிறது, ஏ.டி.சி. 1.9' என்று இருக்கிறதாம். பளிச்சென்று இருந்தாலே கேன்சர்தான் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவிட, வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. உடனே ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா, திருவனந்தபுரம் கூட்டிப் போகட்டுமா என்று மகன் கேட்கிறார்.

சொந்தக்காரர் சொன்னதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள், அது தப்பு.

டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. பார்ப்பது, திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை. சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நடப்பதற்கும் மற்ற நாளில் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கேன்சர் கட்டியில் செல்கள் நெருக்கி அடைந்திருப்பதால் தண்ணீர் நகர முடியாமல் நிற்கும், அதனால் பி-வேல்யூ (தண்ணீரின் நகர்வைப் படம் எவ்வளவு கூர்மையாகப் பிடிக்கிறது என்பதற்கான அளவு) 800 மாதிரி அதிகமாக வைத்து எடுத்த படத்திலும் வெளிச்சம் குறையாது. ஆனால் ஹெமாஞ்சியோமா என்கிற சாதாரண ரத்தக்குழாய்க் கட்டியும் அந்தப் படத்தில் பளிச்சென்றே தெரியும், ஏனென்றால் அதற்கு டி2 என்கிற, திரவம் வெள்ளையாகத் தெரியும் வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்திலேயே வெளிச்சம் அதிகம், அந்த வெளிச்சம் இங்கேயும் கசிந்து வருகிறது. இரண்டையும் பிரிக்கத்தான் ஏ.டி.சி. படம், தண்ணீர் எவ்வளவு நகர்கிறது என்பதை எண்ணாகக் கணக்கிட்டுக் காட்டுவது அது. உண்மையிலேயே தண்ணீர் தடைபட்டிருந்தால் அதில் கட்டி கறுப்பாகத் தெரியும், ஹெமாஞ்சியோமா அதிலும் வெள்ளையாகவே இருக்கும். ஒரு படத்தை மட்டும் வைத்து யார் முடிவு சொன்னாலும் நம்பாதீர்கள்.

எண்ணைப் பார்ப்போம். நீர்க்கட்டிக்கு ஏ.டி.சி. பெரும்பாலும் 2.5-க்கு மேல், ஹெமாஞ்சியோமாவுக்கு 1.7 முதல் 2 வரை, ஈரல் கேன்சருக்கும் வேறு இடத்திலிருந்து பரவிய கேன்சருக்கும் 1-ஐ ஒட்டி வரும். பல ஆய்வுகள் 1.4-க்கும் 1.6-க்கும் நடுவில் கோடு போடுகின்றன. அந்தக் கணக்கில் உங்கள் அப்பாவின் 1.9 நல்ல பக்கம்தான். ஆனாலும் அந்த எண்ணை மட்டும் வைத்து நிம்மதியாக இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மிஷினுக்கு மிஷின் அது மாறும், மூச்சு சீராக இல்லாவிட்டாலும் மாறும், இடது பக்கக் கட்டி என்றால் இதயத் துடிப்பே எண்ணை உயர்த்திக் காட்டும். நடுவில் அழுகிப்போன கேன்சரிலும் சளி மாதிரி திரவம் உள்ள கேன்சரிலும் எண் அதிகமாக வரலாம். கேன்சரே இல்லாத சீழ்க்கட்டியில் குறைவாக வரும். எஃப்.என்.எச்., அடினோமா மாதிரி சாதுவான கட்டிகள் கேன்சரோடு கலந்து நிற்பதால் அங்கே ஏ.டி.சி. அதிகம் உதவாது.

அதனால் அடுத்து வேண்டியது, கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஹெமாஞ்சியோமா என்றால் ஓரத்தில் முத்து முத்தாக மருந்து ஏறி மெதுவாக நடுவுக்கு வரும், ஈரல் கேன்சர் என்றால் சட்டென்று ஏறி சீக்கிரம் வடிந்துவிடும். ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு ஈரல் கட்டி கேன்சராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று தரம் பிரிக்க டாக்டர்கள் பின்பற்றும் லை-ராட்ஸ் முறையிலும் டிஃப்யூஷன் துணைச் சாட்சிதான், அதை மட்டும் வைத்து கேன்சர் உறுதி என்ற எல்.ஆர்.-5-க்குப் போக முடியாது. கான்ட்ராஸ்ட் ஊசி போடுவதற்கு முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள்.

சதை எடுக்க அவசரப்படாதீர்கள். ஹெமாஞ்சியோமாவாக இருந்தால் குத்தும்போது ரத்தம் கசியலாம், படத்திலேயே தெளிவாகிவிட்டால் அது தேவையும் இல்லை. மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனை, ஈரல் கேன்சரில் கூடக்கூடிய ஏ.எஃப்.பி. என்கிற புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை இரண்டையும் எடுத்துவிடுங்கள். அப்பாவுக்கு முன்பு குடலிலோ வேறெங்கோ கேன்சர் இருந்திருந்தால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், அப்போது 1.9 எனக்குத் தைரியம் தராது.

திருவனந்தபுரம் போகலாம், அதற்கு முன் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலும் காட்டலாம். எங்கே போனாலும் பிலிமை மட்டும் கொண்டு போகாமல் சி.டி.யும் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஏ.டி.சி. படம் பல நேரம் பிலிமில் இருக்காது. ஸ்கேனுக்கு முந்தின ராத்திரி அப்பாவை 15, 20 விநாடி மூச்சுப் பிடித்துப் பழகச் சொல்லுங்கள். இதற்கிடையில் காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சள் என்று எது வந்தாலும் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.