‘கிளியர்ட்’ என்றதும் இறங்கலாமா? இன்ஸ்ட்ருமென்ட் பைலட்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்திருக்கும் கேள்விகள் எல்லாமே அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ. (விமானப் போக்குவரத்து ஆணையம்) பகுதி 91 என்ற பொதுவான பறத்தல் விதிகளின் கீழ், மேகத்திலும் கருவிகளை நம்பிப் பறப்பவர்களுடையவை. பதில்களும் அந்த விதிகளை வைத்தே.

கேள்வி: ரேடார் வெக்டரில் (கன்ட்ரோலர் ரேடாரில் பார்த்துச் சொல்லும் திசையில்) 3,000 அடியில் போகிறேன். கன்ட்ரோலர் ‘கிளியர்ட் ஐ.எல்.எஸ். அப்ரோச்’ (ரேடியோக் கற்றைகளைப் பின்பற்றி ரன்வேக்கு இறங்கும் முறைக்கு அனுமதி) என்கிறார். அப்ரோச் வரைபடமான சார்ட்டில் அந்தப் பகுதிக்கு 2,200 அடி என்று போட்டிருக்கிறது. உடனே இறங்கிவிடலாமா?

கூடாது. அந்த 2,200 அடி, சார்ட்டில் வரைந்திருக்கும் பாதையின் மேல் இருப்பவருக்கான உயரம். வெக்டரில் இருக்கும் நீங்கள் இன்னும் அந்தப் பாதைக்கு வெளியே இருக்கிறீர்கள். அங்கே உங்களுக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அந்த எண் சொல்லாது. கடைசியாகக் கொடுத்த உயரத்தை, சார்ட்டில் உள்ள பாதையில் நிலைபெறும் வரை விடக்கூடாது என்கிறது விதி 91.175.

இந்தத் தெளிவுக்குக் கொடுத்த விலை பெரிது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம், அப்ரோச்சுக்கு அனுமதி கிடைத்ததும் 1,800 அடிக்கு இறங்கலாம் என்று எடுத்துக்கொண்டது. வர்ஜீனியாவின் மவுன்ட் வெதர் மலையில் மோதி, விமானத்தில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். அனுமதி கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே சொல்லை இரண்டு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

ரன்வேயின் நேர்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் ஊசி அசையத் தொடங்கினாலே ‘எஸ்டாப்ளிஷ்டு’ (பாதையில் நிலைபெற்றாயிற்று) என்று நினைப்பவர்களும் உண்டு. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. கணக்கில் ஊசி, முழு விலகலில் பாதிக்குள் வந்திருக்க வேண்டும். இறங்கும் சரிவைக் காட்டும் க்ளைட்ஸ்லோப் கற்றையைக் கீழிருந்தே பிடியுங்கள். மேலிருந்து துரத்தினால் 3 டிகிரிக்குப் பதிலாக 9 டிகிரி வாக்கில் இருக்கும் பொய்க் கற்றையில் மாட்டிக்கொள்ளலாம். கடைசிக் கட்ட அப்ரோச் தொடங்கும் புள்ளியான எஃப்.ஏ.எஃப்.-ஐக் கடக்கும்போது சார்ட்டில் உள்ள உயரத்தோடு ஆல்டிமீட்டரை ஒப்பிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஒப்பீட்டிலேயே ஆல்டிமீட்டர் செட்டிங் தவறும் பிடிபடும். காற்றழுத்த அளவு 1 அங்குலம் (பாதரசம்) தவறினால் கிட்டத்தட்ட 1,000 அடி வித்தியாசம்.

கேள்வி: ஐ.எல்.எஸ்.-இல் டி.ஏ. (இறங்குவதா, மேலே தூக்குவதா என்று முடிவெடுக்கும் உயரம்) வந்துவிட்டது. அப்ரோச் விளக்குகள் மட்டும் தெரிகின்றன, ரன்வே தெரியவில்லை. மேலே தூக்க வேண்டுமா?

வேண்டியதில்லை, ஆனால் கிடைப்பது பாதி அனுமதிதான். டச்டவுன் பகுதியின் உயரம் 620 அடி, டி.ஏ. 820 அடி என்றால், அப்ரோச் விளக்குகளை மட்டும் நம்பி 720 அடி வரை, அதாவது டச்டவுன் பகுதிக்கு மேல் 100 அடி வரை இறங்கலாம். அதற்குக் கீழே போக, ரன்வேயின் தொடக்கமான த்ரெஷோல்டோ அதன் விளக்குகளோ, இறங்கும் கோணத்தைக் காட்டும் பாப்பி, வாசி போன்ற விளக்குகளோ, ரன்வேயோ, ரன்வே விளக்குகளோ ஏதாவது ஒன்று தெளிவாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் விளக்கு வரிசையில் உள்ள சிவப்புப் பட்டைகள் தெரிய வேண்டும். இந்தப் பட்டைகள் ஏ.எல்.எஸ்.எஃப். வகை அப்ரோச் விளக்குகளில்தான் உண்டு, பல இடங்களில் இருக்கும் மால்சர் வகையில் கிடையாது. எனவே எந்த வகை என்பதைக் கிளம்பும் முன்பே சார்ட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மேகத்துக்குள் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இன்னும் இரண்டு நிபந்தனைகள்: சார்ட் கேட்கும் பார்வைத் தூரம் காக்பிட்டிலிருந்து கிடைக்க வேண்டும், வழக்கமான வேகத்தில் இறங்கித் தரை தொடக்கூடிய நிலையில் விமானம் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் மிஸ்டு அப்ரோச்தான், அதாவது இறங்காமல் மேலே தூக்கிவிட வேண்டும்.

கேள்வி: ஜி.பி.எஸ். திரையில் ‘எல்.என்.ஏ.வி. ப்ளஸ் வி’ (பக்கவாட்டு வழிகாட்டலோடு ஆலோசனைச் சரிவு) என்று வருகிறது. இறங்கும் சரிவான க்ளைட்பாத் இருப்பதால் எம்.டி.ஏ.-வை (ரன்வே தெரியாமல் இதற்குக் கீழே போகக்கூடாத உயரத்தை) டி.ஏ. போல வைத்துக்கொள்ளலாமா?

அந்த க்ளைட்பாத் வெறும் ஆலோசனை, மினிமம் எல்.என்.ஏ.வி. வரிசையில் உள்ள எம்.டி.ஏ.-தான். டி.ஏ.-வில் மேலே தூக்கும்போது சற்றுக் கீழே போவதைக் கணக்கில் சேர்த்தே அதை வகுத்திருக்கிறார்கள். எம்.டி.ஏ.-வில் அந்தச் சலுகை கிடையாது. ஊசியைப் பின்தொடர்ந்து இறங்கலாம், ஆனால் எம்.டி.ஏ.-வுக்கு 50 அடி முன்பே தூக்கத் தொடங்குவது நல்லது. தூக்கிய பிறகும், மிஸ்டு அப்ரோச் புள்ளி வரை நேராகவே ஏறுங்கள். அதற்கு முன்பே திரும்பினால், யாரும் அளந்து பார்க்காத இடத்துக்குள் போகிறீர்கள்.

கேள்வி: ஹோல்டிங்கில் (ஃபிக்ஸ் என்ற குறித்த புள்ளியில் சுற்றிக்கொண்டு காத்திருக்கும்போது), ஃபிக்ஸை நோக்கி வரும் என் இன்பவுண்ட் லெக் 30 விநாடியில் முடிந்துவிடுகிறது. விலகிப் போகும் அவுட்பவுண்டில் 30 விநாடி கூட்டியும் 1 நிமிடம் வரவில்லையே?

வராது. உங்கள் உண்மை வேகம் 100 நாட், காற்று 20 நாட், இன்பவுண்டில் பின்காற்று என்று வைத்துக்கொள்வோம். அவுட்பவுண்டில் தரைவேகம் 80, இன்பவுண்டில் 120. ஃபிக்ஸுக்கு நேர் பக்கவாட்டில் வந்ததும் கடிகாரத்தை அழுத்தி 1 நிமிடம் போனால் 1.33 கடல் மைல். திரும்ப ஆகும் 1 நிமிடத்தில் காற்று உங்களை 0.33 மைல் ஃபிக்ஸ் பக்கம் தள்ளிவிடும். மீதி 1 மைல். 120 நாட்டில் அது 30 விநாடி. இன்பவுண்ட் 1 நிமிடம் ஆக இன்னும் 1 மைல் வேண்டும். அதை 80 நாட்டில் சம்பாதிக்க 45 விநாடி ஆகும். அவுட்பவுண்ட் 1 நிமிடம் 45 விநாடி என்று வைத்துப் பாருங்கள், சரியாக வரும்.

பக்கக் காற்றுக்கு: இன்பவுண்டில் 5 டிகிரி திருத்தம் தேவைப்பட்டால், அவுட்பவுண்டில் காற்றின் பக்கம் 15 டிகிரி. இரண்டு திருப்பங்களிலும் திருத்த வழியில்லை என்பதால் அந்தக் கடனையும் இந்த லெக்தான் அடைக்க வேண்டும்.

கேள்வி: மேகத்துக்குள் ரேடியோ போய்விட்டது. கடைசியாக அனுமதித்தது 5,000 அடி. ‘10 நிமிடத்தில் 9,000 எதிர்பார்க்கவும்’ என்றிருந்தார்கள். எந்த உயரம்?

ரேடியோ போனதைச் சொல்லும் 7600 எண்ணை டிரான்ஸ்பாண்டரில் போடுங்கள். வெளியே பார்த்துப் பறக்கும் வானிலை கிடைத்தால் அப்படியே போய் இறங்குங்கள். கீழே வரும் கணக்கே தேவையில்லை. கிடைக்காவிட்டால், கொடுத்தது, எதிர்பார்க்கச் சொன்னது, அந்தப் பகுதியின் குறைந்தபட்சம் ஆகிய மூன்றில் பெரியது. முதல் பகுதியின் எம்.இ.ஏ. (பாதையின் அந்தப் பகுதிக்கான குறைந்தபட்ச உயரம்) 6,000 என்றால் 10 நிமிடம் வரை 6,000, பிறகு 9,000. அடுத்த பகுதியில் எம்.இ.ஏ. 11,000 ஆனால் அங்கே 11,000, அது முடிந்ததும் மறுபடி 9,000. பகுதிக்குப் பகுதி புதிதாகக் கணக்குப் போட வேண்டும் என்பதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: வி.ஓ.ஆர். (திசை காட்டும் ரேடியோக் கருவி) சோதனையை மெக்கானிக்தான் செய்ய வேண்டுமா?

பைலட்டே செய்யலாம். ஐ.எஃப்.ஆர்.-இல் (கருவிப் பறத்தல் விதிகளின் கீழ்) வி.ஓ.ஆர். பயன்படுத்துவதற்கு முந்தைய 30 நாட்களுக்குள் செய்திருக்க வேண்டும். தரையில் 4 டிகிரி, வானத்தில் 6 டிகிரி வரை பிழை இருக்கலாம். இரண்டு ரிசீவர்களை ஒப்பிட்டால் வித்தியாசம் 4-க்குள். தேதி, இடம், பிழை, கையெழுத்து நான்கையும் எழுதி வையுங்கள்.