வயிற்றில் போர்ட் வைத்தால் குடல் ஓட்டையாகுமா?

அம்மாவுக்குச் சினைப்பை புற்றுநோய் ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனி கீமோவை நேராக வயிற்றுக்குள் கொடுக்க போர்ட் (தோலுக்கு அடியில் வைக்கும், ஊசி குத்துவதற்கான சின்ன டப்பி; அதிலிருந்து ஒரு ட்யூப் வயிற்றுக்குள் போகும்) வைக்கலாம் என்கிறார்கள், யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு கேள்விகள் கேட்டிருந்தாலும் பயம் ஒன்றுதான்: அந்த ட்யூப் குடலைக் கிழித்துவிடுமா?

நடக்கும், ஆனால் அபூர்வமாக. 2006-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் ஆறு சுற்றையும் வயிற்று வழியாகவே முடித்தவர்கள் 42 சதவீதம்தான், இந்த எண்ணைத்தான் வீடியோக்காரர்கள் பிடித்துக்கொண்டு பயமுறுத்துகிறார்கள். நடுவில் நிறுத்தியவர்களில் மூன்றில் ஒருவர்தான் போர்ட் தொல்லையால் நிறுத்தினார்கள், அதிலும் பெரும்பாலும் தொற்று, அடைப்பு, கசிவு. உங்கள் சர்ஜனிடம் ஒன்று கேளுங்கள்: ஆபரேஷனில் பெருங்குடலை வெட்டி இணைத்தார்களா? ஆம் என்றால் போர்ட்டை உடனே வைக்காமல் தள்ளிப் போடுவது நல்லது.

கீமோ இறங்கும்போதோ அன்றைக்கே சில மணி நேரத்திலோ திடீரென்று தண்ணீராகப் பேதி போனாலோ, பிறப்புறுப்பு வழியாகத் தண்ணீர் கசிந்தாலோ, ட்யூப் குடலையோ யோனியையோ அரித்து உள்ளே போயிருக்கலாம். வழக்கமான கீமோ பேதி பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான் வரும். ஆனால் நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள்? மெடிக்கலில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, அடுத்த சுற்றுக்கு வந்து உட்கார்ந்த பிறகு "போன தடவை கொஞ்சம் போச்சு டாக்டர்" என்கிறார்கள். கீழே கசிந்ததைச் சொல்லக் கூச்சம் வேறு. அம்மாவிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அப்படி இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி, பரிசோதித்துப் பார்க்கும்வரை அந்த போர்ட்டில் யாரும் ஊசி குத்தக் கூடாது. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலும் அப்படியே, பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம் என்றிருக்காதீர்கள்.

மற்றவை சின்ன விஷயம். விலா எலும்பின் மேல் மேடாகத் தெரிவது ஊசி குத்தும்போது அடியில் தாங்கல் வேண்டும் என்பதற்காக. இரண்டு லிட்டர் வரை உள்ளே போகிறது, வயிறு ஒன்றிரண்டு நாள் திம்மென்று உப்பித்தான் இருக்கும். கால்மணிக்கு ஒருமுறை புரண்டு படுக்கச் சொல்வது மருந்து எங்கும் பரவ. விமான நிலையச் சோதனையால் போர்ட்டுக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம், 2019-இல் வந்த இன்னொரு ஆய்வில், எல்லோருக்கும் பெவாசிசுமாப் (கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளரவிடாமல் தடுக்கும் மருந்து) சேர்த்துக் கொடுத்தபோது, வயிற்று வழிக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. அதனால் "அம்மாவுக்கு இது ஏன், ரத்தக்குழாய் வழியே போதாதா?" என்று தயங்காமல் கேளுங்கள், அது டாக்டரைச் சந்தேகப்படுவது ஆகாது.