பழைய பேஸ், புதிய ரோவர்: ஃபிக்ஸ் வராமல் ஃப்ளோட்டிலேயே நிற்பது

செயற்கைக்கோள் நில அளவையில் எடுத்துச் சென்று அளக்கும் ரிசீவரான ரோவரில் குளோனாஸை (ரஷ்யச் செயற்கைக்கோள் அமைப்பு) மட்டும் அணைத்துவிட்டு மறுபடி துவக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் நிற்கும் பேஸ் ரிசீவரிலிருந்து ரேடியோ வழியே திருத்தம் வந்துகொண்டிருந்தும், ரோவர் சென்டிமீட்டர் துல்லியமான ஃபிக்ஸுக்கு வராமல் தோராயமான ஃப்ளோட்டிலேயே நிற்கிறது என்கிறீர்கள். அப்படியானால் ரேடியோவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

பேஸும் ரோவரும் வெவ்வேறு நிறுவனக் கருவிகள் என்பதுதான் உறுத்துகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனைத்தும் ஒரே அதிர்வெண்ணில் பேசுகின்றன. பழைய வகைக் குளோனாஸ் அலைகள் அப்படியல்ல, கோளுக்குக் கோள் சற்று விலகும். அந்த விலகலை ஒவ்வொரு ரிசீவரும் தன் போக்கில் அளக்கிறது. பேஸ் இன்ன கருவி என்று ரோவருக்குத் தெரியாவிட்டால் கணக்கு ஒட்டாது.

1. குளோனாஸ் இல்லாமல் ஃபிக்ஸ் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.
2. பிறகு பேஸின் ஆர்டிசிஎம் 3 (திருத்தம் அனுப்பும் தரவு வடிவம்) அமைப்பில் 1033 (பேஸ் இன்ன கருவி என்பது), 1230 (குளோனாஸ் விலகல் அளவு) செய்திகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றை இயக்கிவிட்டுக் குளோனாஸைத் திரும்பச் சேர்க்கலாம்.

ரோவர் திரையில் 30 கோள்கள் தெரிகின்றன என்று மகிழ வேண்டாம். பேஸும் பார்க்கும் கோள்கள்தான் கணக்கில் சேரும். கலிலியோ (ஐரோப்பிய அமைப்பு), பெய்டூ (சீன அமைப்பு) அறியாத பேஸ் என்றால், குளோனாஸையும் அணைத்த நிலையில் மிஞ்சுவது ஜிபிஎஸ் மட்டுமே. மரத்தடியில் அது போதாமல் போகலாம். ஃபிக்ஸ் வந்ததும் ஆயம் (கோஆர்டினேட்) தெரிந்த ஒரு புள்ளியில் சரிபார்க்காமல் அளவையைத் தொடங்காதீர்கள்.