பனியில் பிரேக்

அன்புள்ள ஐயா,

சென்னையில் பத்து வருடம் கார் ஓட்டியவன் நான். வேலை மாறி ஆகஸ்டில் மாண்ட்ரியல் வந்தேன். போன வாரம் முதல் பனி விழுந்த காலையில், ஸ்டாப் போர்டைப் பார்த்துப் பிரேக் போட்டேன். கார் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய் நடுச்சந்தியில் நின்றது. நல்லவேளை, குறுக்கே யாரும் வரவில்லை. அன்றிலிருந்து சாவியைத் தொட்டாலே கை நடுங்குகிறது. பேசாமல் மெட்ரோவில் போய்விடுங்கள் என்கிறாள் மனைவி. இது பழகிவிடுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பழகிவிடும். ஆனால் டயரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே. ஆல் சீசன் டயரில்தான் ஓட்டினீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பெயரை நம்பாதீர்கள். குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனாலே அந்த ரப்பர் விறைக்க ஆரம்பித்துவிடும், சாலையைப் பிடிக்காது. மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். அந்தத் தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே மாற்றுங்கள்.

அப்புறம் உங்கள் வலது கால். சென்னையில் ஆட்டோ சட்டென்று திரும்பும், மாடு படுத்திருக்கும், கொஞ்சம் இடைவெளி விட்டால் பைக் புகுந்துவிடும். எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே பதில்தான்: கடைசி நொடியில் பிரேக், கூடவே ஹாரன். பத்து வருடம் அப்படிப் பழகிய காலோடு வந்திறங்கியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். முதல் குளிர்காலத்தில் ஒரு சிக்னலில் ஓங்கி மிதித்தேன். பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதைத்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பதறிக் காலை எடுத்தேன். கார் போய் முன்னால் நின்ற வேனின் பின்பக்கத்தில் முட்டியது. ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு வேலை செய்தால் அப்படித்தான் உதைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டுவிட்டுப் பிடிப்பதால் ஸ்டியரிங் நம் கையில் இருக்கும், அவ்வளவுதான். ஐஸில் சீக்கிரம் நிற்க வைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து முன்கூட்டியே காலை எடுத்து, காரின் வேகத்தைத் தானாகக் குறைய விட வேண்டும். மிதிக்க நேர்ந்தால் காலை எடுக்காமல், போக வேண்டிய பக்கம் பார்த்துத் திருப்புங்கள்.

பனி பெய்த ஞாயிறு காலையில், பனியை இன்னும் அள்ளாத காலி பார்க்கிங் ஒன்றைத் தேடிப் போங்கள். விளக்குக் கம்பம் இல்லாத மூலையாக இருக்கட்டும். 20 கி.மீ. வேகத்தில் போய் வேண்டுமென்றே ஓங்கி மிதியுங்கள். பெடல் உதைப்பதைக் கால் ஒருமுறை அறிந்துகொண்டால் சாலையில் பதறாது. நான் பாடம் படித்ததில் பாதி அப்படி ஓர் இடத்தில்தான்.

இன்னொன்று, புதிதாக வருகிறவர்கள் மைனஸ் 20-க்குத்தான் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் பூஜ்யத்தை ஒட்டிய நாட்களில். ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்போதுதான் வழுக்கல் அதிகம். சாலை ஈரமாகத்தான் இருக்கிறது என்று கண் சொல்லும். மேலும் கீழும் காற்று படுவதால் பாலங்கள் முதலில் உறைந்துவிடும். கிளம்புமுன் கார் கூரையில் இருக்கும் பனியையும் தள்ளிவிடுங்கள். பிரேக் போடும்போது அது மொத்தமாகக் கண்ணாடிமேல் சரியும்.

உறைமழை, அதாவது விழுந்ததும் ஐஸாக உறைந்துவிடும் மழை, பெய்கிற நாளில் மட்டும் உங்கள் மனைவி பேச்சைக் கேளுங்கள். இந்த ஊர் மெட்ரோ முழுக்கப் பூமிக்கடியில் ஓடுகிறது. அன்றைக்கு நானும் அதில்தான் போவேன்.