விளையாட்டு இசைக்கு ரெக்கார்டு எதற்கு?

கேள்வி: செங்கோட்டையில் பல வருடம் மைக் செட் நடத்தியவன் நான். புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை வரை கல்யாணம், கோயில் கொடை என்று குழாய் கட்டப் போயிருக்கிறேன். தமிழ்த் தட்டு ஒரு பெட்டி, மலையாளத் தட்டு ஒரு பெட்டி வைத்திருந்தேன். கேசட் வந்த பிறகு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டேன். இப்போது திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகன் (வயது 29) அதே ரெக்கார்டுகளை வாங்கிச் சேர்க்கிறான். சினிமாப் பாட்டு இல்லை, வீடியோ கேமில் பின்னால் ஓடும் இசையாம். மைன்கிராஃப்ட் என்று ஒன்று, விவசாயம் செய்கிற விளையாட்டு ஒன்று, இப்படிப் பதினேழு சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றும் மூவாயிரம், நாலாயிரம். போட்டுக் கேட்க பிளேயர்கூட வாங்கவில்லை. கேட்டால், போனிலேயே எல்லாம் கிடைக்கும் என்கிறான். அப்புறம் இது எதற்கு? பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவன் அம்மாவுக்கு இது ஏதும் கோளாறோ என்று பயம். தடுக்கலாமா? இல்லை, பரணில் கிடக்கும் என் பழைய பிளேயரைத் தூசு தட்டிக் கொடுக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செங்கோட்டை

பதில்: அண்ணாச்சி, கோளாறு ஒன்றும் இல்லை என்று முதலில் மதினியிடம் சொல்லிவிடுங்கள். விளையாட்டு இசையை ரெக்கார்டாக வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதற்கென்றே ரெக்கார்டு வெளியிடும் கம்பெனிகளும் உண்டு. இங்கிலாந்தில் டேட்டா டிஸ்க்ஸ், லேஸ்டு ரெக்கார்ட்ஸ், அமெரிக்காவில் ஐயாம்எயிட்பிட் என்று அந்தப் பெயர்களை உங்கள் மகன் உங்களுக்கு அடுக்கிச் சொல்வார்.

போனில் சும்மா கிடைப்பதற்கு எதற்குக் காசு என்று கேட்டால், தட்டில் சத்தம் நன்றாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த இசையில் பெரும்பகுதி பிறந்ததே கம்ப்யூட்டரில். அதைத் தட்டில் வெட்டுவதால் புதிதாக எதுவும் கூடிவிடாது. முள் உள்வட்டத்தை நெருங்க நெருங்கத் தெளிவு கொஞ்சம் குறையும் என்பது உங்களுக்குத் தெரியாததா! வாங்குகிறவர்களில் பலருக்கும் இது தெரியும். தெரிந்தேதான் வாங்குகிறார்கள்.

ஒரு கல்யாண வீட்டில் நீங்கள் போட்ட பாட்டை ஊர் எத்தனை முறை கேட்டிருக்கும்? முகூர்த்தத்துக்கு ஒரு தடவை, பந்தி நடக்கும்போது யாராவது கேட்டால் இன்னொரு தடவை. வீடியோ கேம் விளையாடும் பையன் ஒரே மெட்டை ஒரு சாயங்காலத்தில் நாற்பது ஐம்பது முறை கேட்பான், அதுவும் உடம்பெல்லாம் விழித்திருக்கும் நிலையில். அந்த மேட்டைத் தாண்ட வேண்டும், அந்தப் பள்ளத்தில் விழக் கூடாது என்று கை வியர்க்க உட்கார்ந்திருக்கும்போது பின்னால் அந்த இசை சுழன்றுகொண்டே இருக்கும். மனதில் அது பதிகிற ஆழமே வேறு.

அந்த இசையைச் செய்தவர்களும் இதை அறிந்தே செய்தார்கள். ஜப்பானில் 1983-ல் நின்டெண்டோ கம்பெனியின் ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவி வந்தது. நம் ஊர்களில் டிவியில் மாட்டி, கேசட் செருகி விளையாடியதெல்லாம் பெரும்பாலும் அதன் நகல்கள்தான். அந்தப் பெட்டிக்குள் ஒரே சமயத்தில் ஒலிக்க முடிந்தவை ஐந்து குரல்கள். இரண்டில் மெட்டு, ஒன்றில் அடிநாதம், இன்னொன்றில் இரைச்சலை நறுக்கித் தாளம், ஐந்தாவதில் மிகச் சிறிய ஒலித்துண்டுகள். நினைவகத்திலும் இடம் கிடையாது. அதனால் மெட்டு சின்னதாக இருக்க வேண்டும், எத்தனை முறை திரும்ப வந்தாலும் சலிக்கவும் கூடாது. இந்த நெருக்கடிக்குள் கோஜி கோண்டோ என்பவர் 1985-ல் சூப்பர் மரியோவுக்குப் போட்ட மெட்டு இன்று வரை உலகம் முழுக்க முணுமுணுக்கப்படுகிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காலத்துக்கும் பாதுகாக்க வேண்டியவை என்று ஒலிப்பதிவுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2023-ல் இந்த மெட்டு அதில் சேர்ந்தது. விளையாட்டு இசை அந்தப் பட்டியலுக்குள் போனது அதுதான் முதல் தடவை. உங்கள் மகன் வைத்திருக்கும் மைன்கிராஃப்ட் இசையும் 2025-ல் அங்கே போய்ச் சேர்ந்தது.

அடுத்தது, இந்தக் காலத்து விளையாட்டுகளை அறியாதவர்களுக்குப் புரியவைப்பது கடினமான ஒன்று. அது விளையாட்டு என்பதைவிட, போய் இருந்துவிட்டு வருகிற இடம். மகன் வாங்கிய விவசாய விளையாட்டு ஸ்டார்டியூ வேலியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு வருடத்துக்கும் மேலாக உட்கார்ந்து படம், கதை, நிரல், இசை எல்லாவற்றையும் தானே செய்து 2016-ல் வெளியிட்டார். தாத்தா விட்டுப்போன தரிசு நிலத்துக்கு வந்து, கல் பொறுக்கி, விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, விளைந்ததை விற்பதுதான் விளையாட்டு. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்கு பருவம். பருவத்துக்குப் பருவம் இசை மாறும். முதல் பனி விழும் காலையில் மெட்டு மாறும்போது, நம் ஊரில் மேற்கே மேகம் கறுத்து முதல் சாரல் முகத்தில் படும்போது வருகிற அதே உணர்வு வரும். நகரத்தில் தனி அறையில், இரவு வேலை முடிந்து வந்து, அந்த நிலத்தில் ஒருவர் நூறு இருநூறு மணி நேரம் வாழ்ந்திருக்கிறார் என்றால், அந்த இசை அவருக்கு வெறும் பின்னணி இல்லை.

மண்ணை வெட்டி, வீடு கட்டி விளையாடும் மைன்கிராஃப்டின் இசை இன்னும் விசேஷமானது. டேனியல் ரோஸன்ஃபெல்ட் என்ற ஜெர்மானிய இளைஞர் சி418 என்ற பெயரில் செய்தது. விளையாட்டில் பல நிமிடங்கள் எந்த இசையும் இருக்காது. மண் வெட்டும் சத்தம், ஆடு கத்தும் சத்தம் மட்டும்தான். திடீரென்று எங்கிருந்தோ பியானோ ஒலி மெல்ல வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சிறு வயதில் நண்பர்களோடு கட்டிய வீடுகள், இப்போது தொடர்பில் இல்லாத அந்த நண்பர்கள், எல்லாம் அந்தப் பியானோவோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த விளையாட்டுகளைப் பலரும் கடையில் பெட்டியாக வாங்குவதில்லை. பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்வதுதான். காசு கொடுத்து வாங்கினாலும் கையில் ஒன்றும் வராது. விற்கிற கடையே ஒருநாள் மூடிவிடலாம். 2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் இரண்டு பழைய கருவிகளுக்கான இணையக் கடைகளை மூடியது. அங்கே மட்டும் விற்ற விளையாட்டுகளைப் புதிதாக வாங்க வழி இல்லாமல் போயிற்று. அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை அதே வருடம் ஓர் ஆய்வில் சொன்னது. கருவி பழுதாகும், நிரல் ஓடாமல் போகும். விளையாட்டிலிருந்து தனியாகக் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ள முடிவது இசை ஒன்றுதான். அதைக் கையில் பிடிக்கிற மாதிரி, பன்னிரண்டு அங்குல அட்டையில் அந்த உலகத்தின் படத்தோடு தருகிறார்கள். மகன் வாங்குவது அதைத்தான் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் ஊருக்காகத் தட்டு போட்டவர். உங்களுக்கு அது தொழில் சாமான், காலம் மாறியதும் கைவிட்டீர்கள். அவர் தனக்காகச் சேர்க்கிறார். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம்.

இன்னொன்று. கம்ப்யூட்டர் காலத்து இசை பழைய காலத்துத் தட்டுக்குப் போவது தலைகீழாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். உண்மையில் விளையாட்டு இசை தனி ஆல்பமாக வந்ததே முதலில் தட்டில்தான். ஹருவோமி ஹொசோனோ என்ற ஜப்பானிய இசைக்கலைஞர் நாம்கோ கம்பெனி விளையாட்டுகளின் இசையைத் தொகுத்து 1984-ல் எல்.பி.யாக, அதாவது நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டாக, வெளியிட்டார். நீங்கள் மைக் செட் நடத்திய காலமும் அதுவாகத்தான் இருக்கும்.

பிளேயர் இல்லாமல் வாங்குவதும் அதிசயம் இல்லை. அமெரிக்காவில் லுமினேட் என்ற கணக்கெடுப்பு நிறுவனம் விசாரித்தபோது, ரெக்கார்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம்தான் பிளேயர் இருந்தது. மற்றவர்கள் அட்டையைப் பார்க்கிறார்கள், அலமாரியில் வைக்கிறார்கள், கேட்பது போனில். இது எனக்குச் சம்மதமில்லை. கேட்காத தட்டு பாவம் என்பது என் கட்சி. ஆனால் அதை உங்கள் மகனிடம் புத்திமதியாகச் சொல்லாதீர்கள். அவருக்கு ஒரு பிளேயர் அமைய உதவி செய்யுங்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம், கவனிக்க வேண்டியது அங்கேதான். வெளிநாட்டில் ஒரு தட்டு பெரும்பாலும் 30, 40 டாலர். அதற்கு மேல் அனுப்பும் கூலியும் சுங்கமும் சேரும். இந்தக் கம்பெனிகள் குறைவான எண்ணிக்கையில் அச்சடிக்கும். இந்த நிறத் தட்டு இத்தனைதான், இன்றைக்கு முன்பணம் கட்டாவிட்டால் கிடைக்காது என்று அவசரப்படுத்தும். பணத்தை வாங்கிக்கொண்டு பல மாதம் கழித்து அனுப்புவதும் சாதாரணம். விளையாடாத விளையாட்டின் தட்டைக்கூட நாளைக்கு விலை ஏறும் என்று வாங்கிப் போடுகிற பழக்கம் இப்படித்தான் வருகிறது. அது வியாபாரம், பிரியம் இல்லை. மகனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பதினேழில் விளையாடி முடித்தவை எத்தனை? இவற்றில் எதையாவது கடன் அட்டையில் தவணை போட்டு வாங்கியிருக்கிறாயா? முதல் பதில் பெரும்பாலும் எல்லாம் என்றும், இரண்டாவது இல்லை என்றும் வந்தால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். தவணை இருந்தால் அது அடைகிற வரை புதிதாக ஒன்றும் வாங்காதே என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அப்பா என்ற முறையில் அதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

பெண் வீட்டாரிடம் மறைக்க வேண்டாம். அலமாரியில் தெரியும்படியே இருக்கட்டும். வருகிற பெண்ணுக்கு இதில் விருப்பம் இருக்க வேண்டும் என்பதில்லை, மாதம் இவ்வளவுதான் இதற்குச் செலவு என்பது அவருக்குத் தெரிந்தால் போதும்.

இனி உங்கள் பரணில் கிடக்கும் பிளேயர். அதை அப்படியே கொடுக்காதீர்கள், தட்டு கெட்டுப்போகும். ஒரு பக்கம் 78-க்கு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு), மறுபக்கம் எல்.பி.க்கு என்று திருப்பிப் போடும் முள் உங்களுடையதில் இருக்கலாம். 78 முள் எல்.பி. முள்ளைவிடச் சுமார் மூன்று மடங்கு பருமன், அது தவறிப்போய்ப் பட்டால் தட்டில் இசை பதிந்த பள்ளமே நாசமாகும். எல்.பி. பக்கமே என்றாலும் பழைய பிளேயர்களில் முள்ளைத் தாங்கும் கை தட்டின் மேல் அழுத்துகிற எடை அதிகம். இன்றைய காந்த முள்ளுக்கு இரண்டு கிராம் அளவு போதும். பெட்டி போல மடக்குகிற மலிவான பிளேயர்களிலும் இதே பிரச்சினை இருப்பதால் அவையும் வேண்டாம். பெல்ட்டில் சுற்றுகிற, காந்த முள் உள்ள சாதாரண பிளேயர் பதினைந்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. நாலு தட்டு வாங்கும் காசு. அடுத்த நாலு தட்டுக்குப் பதில் இதை வாங்கு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பிளேயரை மட்டம் பார்த்து வைப்பது, கையின் எடையைச் சரி செய்வது, முள்ளில் சேர்ந்த தூசியை எடுப்பது, இதிலெல்லாம் உங்கள் கைப்பழக்கத்துக்கு ஈடாக அவருக்கு இணையத்தில் எதுவும் கிடைக்காது. ஒரு எச்சரிக்கை: விளையாட்டு இசைத் தட்டுகளில் சில, பன்னிரண்டு அங்குலமாக இருந்தாலும் வழக்கமான எல்.பி. வேகத்தில் இல்லாமல் 45 வேகத்தில் வெட்டியவை. போடும் முன் லேபிளைப் பாருங்கள்.

பதினேழும் செங்கோட்டை வீட்டில் இருக்கின்றனவா? அப்படியானால் சாரலை நினைத்துத்தான் எனக்குக் கவலை. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை அந்த ஈரத்தில் அட்டை பூஞ்சணம் பிடிக்கும். தட்டின் மேலும் வெள்ளைப் புள்ளியாகப் படரும். மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பிரித்துவிடச் சொல்லுங்கள், அது நாளாக நாளாக இறுகித் தட்டை வளைக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள், சாயாமல் நேராக. தட்டு இருக்கும் காகித உறைக்குப் பதிலாக நல்ல பாலித்தீன் உறை போடலாம். அலமாரி மேற்குச் சுவரை ஒட்டி இருந்தால் மே மாதமே உள்பக்கச் சுவருக்கு நகர்த்திவிடுங்கள். ஜன்னல் வெயில் நேராகப் படும் இடமும் ஆகாது.